காது மிஷினைக் கழற்றிக் கொடுத்த பிறகு

அந்த நீச்சல் குளத்தில் டிக்கெட் கிழிப்பவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். அவளுடைய வீட்டுக்காரர் அங்கே நீச்சல் சொல்லிக் கொடுப்பவர், எல்லோருக்கும் மாஸ்டர். கல்யாணம் ஆனதிலிருந்து இரண்டு பேருக்கும் அதே குளம்தான் பிழைப்பு. ஆனால் அக்காவுக்கு நீச்சல் தெரியாது. யாராவது கேட்டால், "வீட்டுக்கு ஒருத்தர் நனைஞ்சா போதும். ரெண்டு பேர் துணியையும் துவைக்கிறது நான்தானே" என்பாள்.

அவள் உட்காரும் அறை ஒரு கண்ணாடிப் பெட்டி. ஒரு பக்கக் கண்ணாடி தெருவாசலைப் பார்த்திருக்கும், அந்தப் பக்கம் டிக்கெட். மறுபக்கக் கண்ணாடி குளத்தைப் பார்த்திருக்கும். அதில் லாக்கர் சாவி கொடுத்து வாங்க ஒரு கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அறைக்குக் கதவு ஒன்றுதான், அதுவும் வாசல் பக்கம். அங்கிருந்து குளத்துக்குப் போகவேண்டுமென்றால் நடை, பெண்கள் உடை மாற்றும் அறை, ஷவர், கால் கழுவும் தொட்டி எல்லாம் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். கட்டினவன் என்ன நினைத்துக் கட்டினானோ, கண்ணெதிரே இருக்கிற தண்ணீருக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும்.

அந்தச் சாவி ஓட்டை வழியாகத் தினமும் ஒரு காரியம் நடக்கும். தண்ணீரில் இறங்குவதற்கு முன் மாஸ்டர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வருவார். துண்டுக்குள் கையை விட்டு இரண்டு காதிலிருந்தும் மிஷினைக் கழற்றி, மூடின கையை ஓட்டைக்குள் நீட்டுவார். அக்கா சாவி வாங்குகிற மாதிரி அதை வாங்கி, பேட்டரிக் கதவைத் திறந்து, ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடுவாள். டப்பாவுக்குள் புதுச் செருப்போடு வருமே, ஈரம் உறிஞ்சுகிற சின்னச் சின்னப் பொட்டலங்கள், அவை கிடக்கும். அதற்காகவே செருப்புக் கடையில் சொல்லி வைத்து வாங்குகிறாள். "இதை வெச்சு என்னம்மா பண்றீங்க, வீடு கட்டறீங்களா?" என்று கடைக்காரர் ஒருநாள் கேட்டேவிட்டார்.

பேட்டரிக் கதவைத் திறக்க மறந்தால் போச்சு. மிஷின் டப்பாவுக்குள் கிடந்து கீ என்று கத்தும். அந்தச் சத்தம் வாசலில் நிற்கிறவர்களுக்கெல்லாம் கேட்கும். மாஸ்டருக்கு மட்டும் கேட்காது.

மானேஜருக்கு இது எதுவும் தெரியாது. காது மந்தமான ஆளைத் தண்ணீருக்குள் விடமாட்டார், அது அவர்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும். தண்ணீரில் இறங்காத மாஸ்டர் எதற்கு?

காது ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் விசில் சத்தம் போனது. "இந்த விசில் மட்டம், ஊதினா காத்துதான் வருது" என்று மாஸ்டர் விசில் விசிலாக மாற்றிக்கொண்டிருந்தார். அப்புறம் குழந்தைகள் குரல் போனது. அக்காதான் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பரிசோதிக்க வைத்தாள். மிஷின் வந்ததும் மாஸ்டர் முடி வளர்க்க ஆரம்பித்தார், காதை மறைக்க. நீச்சல் கற்றுக்கொள்ள வரும் டாக்ஸி டிரைவர், "இந்த வயசுல யாருக்கு மாஸ்டர் இந்த முடி?" என்று வம்புக்கு இழுத்தபோது, "உங்க அக்காவுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் குதித்துவிட்டார்.

மிஷின் பொருத்திக் கொடுத்த பெண் நல்ல பெண். மாஸ்டர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டதும் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"தண்ணி தெளிச்சா பரவாயில்லை சார். வேர்வை, தூறல் எல்லாம் துடைச்சுட்டுக் காய வெச்சா தாங்கும். முழுகக்கூடாது. குளத்துத் தண்ணியில மருந்து வேற போடுவாங்க."

"தண்ணிக்குள்ள போட்டுக்கிற மாதிரி எதுவுமே இல்லையாம்மா?" என்று அக்கா கேட்டாள்.

"தண்ணி தாங்கற மாதிரி இருக்கு. மிஷின் தாங்கும், ஆனா கேக்கணுமே. மைக் மேல தண்ணி நின்னா பேசறவன் வாயில கையை வெச்சுப் பொத்தின மாதிரிதான். வெறுமனே நீந்தறவங்களுக்குச் சரி. அதை நம்பி இன்னொருத்தர் உயிரைப் பாத்துக்கற வேலைக்கு, மன்னிச்சுக்குங்க, நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

மாஸ்டர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது அந்தப் பெண் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னாள். "மிஷின் இல்லாதப்போ அவர்கிட்ட கத்தாதீங்க. கத்தினா வாய் கோணிடும். வாயைப் பாத்துப் புரிஞ்சுக்கறவங்களுக்குக் கோணின வாய் ஒண்ணும் சொல்லாது. நேரா பாத்து, மெதுவா, சாதாரணமா பேசுங்க."

அவ்வளவு சொல்லியும் மாஸ்டருக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் மிஷினுக்கு ரப்பர் உறை போட்டு, மேலே நீச்சல் தொப்பியை இறுக்கி மாட்டிக்கொண்டு இறங்கினார். ஏறி வந்ததும் அக்கா எப்படி இருந்தது என்று கேட்டாள். "பானைக்குள்ள தலையை விட்ட மாதிரி இருக்கு. கொர்ருன்னு ஒரே சத்தம், நடுநடுவுல என் மூச்சு" என்றார். சில நாளில் உறைக்குள் தண்ணீர் புகுந்து இடது மிஷின் செத்தது. நல்லதாக இருந்த வலதையும் அக்கா ஹேர் டிரையர் வைத்துக் காயவைக்கிறேன் பேர்வழி என்று அதன் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை உருக்கிவிட்டாள். "விடு. ஆளுக்கு ஒண்ணைக் கொன்னிருக்கோம், சரிக்குச் சரி" என்று மாஸ்டர் சிரித்தார். புது ஜோடி வாங்கினார்கள். அதற்கப்புறம் மிஷின் தண்ணீருக்குள் போகவே இல்லை.

மிச்சமிருந்தது அக்காவின் வாய்தான்.

ஊரில் யார் பேசினாலும் மாஸ்டருக்குப் பாதி புரியும், பாதி புரியாது. அக்கா கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்தால் ஒரு சொல் விடாமல் புரியும். "உன் வாய் மட்டும்தான் எனக்கு நல்லாக் கேக்குது" என்பார். கிளாஸ் நடக்கும்போது யாராவது வந்து கூப்பிட்டால் அக்கா வாயசைத்துச் சொல்லிவிடுவாள். நேரம் ஆகிவிட்டால் குளத்தின் ஆழப் பக்கச் சுவரில் மாட்டியிருக்கும் பெரிய கடிகாரத்தைக் கை நீட்டிக் காட்டுவாள். அவர் ஐந்து விரலைக் காட்டுவார், இன்னும் ஐந்து நிமிஷம். இது தினப்படி நடப்பதுதான்.

இதெல்லாம் போக அக்காவுக்கு ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டது. வந்தவர்களைப் பற்றிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேலி பேசுவாள். "டாக்ஸியைப் பாருங்க, தண்ணியிலயும் ஹாரன் அடிக்கிறான்." தண்ணீரில் நின்றுகொண்டு மாஸ்டர் பாட்டுக்கு ஈ என்று இளிப்பார். இவர் எதற்கு இளிக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர்கள் இவ்வளவு பேசிச் சிரித்தது காது போன பிறகுதான்.

சண்டை வந்தால் மட்டும் கதை வேறு. மாஸ்டர் மிஷினைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிடுவார். அக்கா விடுவாளா? சுற்றிக்கொண்டு போய் அவர் மூஞ்சிக்கு நேரே நின்று வாயை அசைப்பாள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். "கதவைச் சாத்திட்டீங்க, ஜன்னலையும் சாத்தியாச்சா?" என்று திட்டிவிட்டு, அவர் சாத்தின ஜன்னலுக்கு வெளியே நின்று அவளே சிரித்துவிடுவாள்.

சம்பவம் நடந்த அன்று பெரியவர்கள் கிளாஸ். அது முடிந்ததும் குழந்தைகள் கிளாஸ்.

பெரியவர்களில் பேக்கரிக்காரர் ஒருவர். நல்ல கனத்த உடம்பு, தண்ணீர் என்றால் உயிர் பயம். டாக்டர் நடக்கச் சொன்னார், முட்டி வலித்தது, அதனால் நீந்தச் சொன்னார். "டாக்டர் அடுத்து பறக்கச் சொல்லுவார் அக்கா" என்று முதல் நாளே சாவி வாங்கும்போது புலம்பினார். ஆனால் விடாமல் வந்தார். அன்றைக்குத்தான் மாஸ்டர் முதல்முறையாக அவரை ஒரு மிதவைப் பலகையைக் கொடுத்துத் தனியாக விட்டார். குளத்தின் நீளத்துக்குக் கட்டியிருந்த கயிற்றை ஒட்டி, பலகையைப் பிடித்துக்கொண்டு, காலை மட்டும் அடித்துக்கொண்டு ஆழப் பக்கம் போய்த் திரும்பவேண்டும். மற்றவர்கள் ஆழமில்லாத பக்கம் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவரைப் பார்த்து வைத்து, காலை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆறேழு பேர் ஒன்றாகக் காலடித்தால் அந்த ஹாலே இடிந்து விழுகிற மாதிரி இருக்கும்.

பேக்கரிக்காரர் போவதை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு கண் அவர் மேல், ஒரு கண் கம்பிக்காரர்கள் மேல். பேக்கரிக்காரர் மெல்ல மெல்ல, தெப்பம் மாதிரி நகர்ந்தார். அக்காவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. கையை ஆட்டி மாஸ்டரைக் கூப்பிட்டாள். அவர் திரும்பினார். "உங்க பன்னு நல்லா உப்பியிருக்கு, இன்னும் கொஞ்ச நேரத்துல வெந்துடும்" என்று வாயசைத்தாள்.

மாஸ்டர் சிரித்தார். அந்த நேரத்தில்தான் அவர் தோளுக்குப் பின்னால் பலகை நழுவியது.

பலகை துள்ளி வெளியே வந்து தனியாகப் போனது. பேக்கரிக்காரர் நட்டு வைத்த மாதிரி செங்குத்தாக நின்றார். தலை பின்னால் சாய்ந்திருந்தது, வாய் தண்ணீர் மட்டத்தில். இரண்டு கையும் தண்ணீரைக் கீழே அழுத்திக்கொண்டிருந்தன. கத்தவில்லை, கையை ஆட்டவும் இல்லை. முழுகுகிறவன் கத்தமாட்டான், கத்துவதற்கு அவனிடம் மூச்சு இருக்காது என்று அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தவரே மாஸ்டர்தான்.

அக்கா கத்தினாள்.

"என்னங்க! அங்க பாருங்க! அங்க!"

மாஸ்டர் அவளையே பார்த்தார். முகத்தில் பழைய சிரிப்பு அப்படியே இருந்தது. கேலியின் அடுத்த வரி வருகிறது என்று நினைத்திருப்பார். புருவத்தைத் தூக்கி, "என்ன?" என்றார்.

அவள் ஓட்டையில் வாயை வைத்துக் கத்தினாள். ஓட்டையில் வாயை வைத்தால் அவருக்கு வாய் தெரியாது என்று உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. காலடிச் சத்தத்தில் அவள் குரல் கம்பிக்காரர்கள் வரைக்கும்கூடப் போகவில்லை. எழுந்து நின்று கண்ணாடியைப் படபடவென்று அடித்தாள். மாஸ்டர் முகம் மாறியது. ஏதோ சரியில்லை என்று புரிந்துவிட்டது. புரிந்ததும் என்ன செய்தார்? கண்ணை இன்னும் இடுக்கிக்கொண்டு, அவள் வாயைப் படிக்க, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு அவள் பக்கமாக வந்தார். பேக்கரிக்காரரிடமிருந்து இன்னும் தள்ளி.

மெதுவாகச் சொல், சாதாரணமாகச் சொல் என்று அந்தப் பெண் சொன்னது அக்காவுக்கு ஞாபகம் வந்தது. வந்து என்ன? வாய் அவள் பேச்சைக் கேட்கவில்லை. உதடு நடுங்கியது, பல் தெரிந்தது, ஒரு சொல்கூட உருப்படியாக வரவில்லை. கையை நீட்டிக் காட்டினாள். நீட்டின கை ஆழப் பக்கத்தைக் காட்டியது.

ஆழப் பக்கச் சுவரில் கடிகாரம்.

மாஸ்டர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. இவ்வளவுதானா என்கிற மாதிரி. திரும்பிக்கூடப் பார்க்காமல் ஐந்து விரலைத் தூக்கிக் காட்டினார். இன்னும் ஐந்து நிமிஷம்.

அக்கா டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எதற்காக அதைத் தூக்கினாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. காதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கேட்டுவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. நடையில் ஓடினாள், உடை மாற்றும் அறையில் யாரோ "ஐயோ, பாத்து அக்கா" என்றார்கள், ஷவர் பக்கம் வழுக்கி முட்டி இடித்தது, எழுந்தாள், டப்பாவுக்குள் மிஷின் கீ என்று கத்திக்கொண்டே இருந்தது, ஓட்டத்தில் குலுங்கிப் பேட்டரிக் கதவு மூடிக்கொண்டிருக்கும். அங்கிருந்து குளம் தெரியாது. சுவர்தான் தெரியும். காலடிச் சத்தம் மட்டும் கேட்டது, எதுவுமே நடக்காத மாதிரி, தபதபவென்று.

அவள் போய்ச் சேர்ந்தபோது காலடிச் சத்தம் நின்றிருந்தது. எல்லோரும் கரையில் வட்டமாக நின்றார்கள். நடுவில் பேக்கரிக்காரர் ஒருக்களித்துப் படுத்துத் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தார். மாஸ்டர் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரர் இருமினார், அழுதார், மறுபடியும் இருமினார், எழுந்து உட்கார்ந்தார். உயிர் இருந்தது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சும்மா சொல்லக்கூடாது, மாஸ்டருக்குக் கழுகுக் கண்ணு" என்றான் டாக்ஸி டிரைவர். "நாங்க யாருமே பாக்கலை. சுவத்தைப் பாத்துட்டு காலை ஆட்டிட்டு இருக்கோம். இவரு அம்பு மாதிரி போறாரு!"

பேக்கரிக்காரர் மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "மாஸ்டர் என் மேலயே கண்ணு வெச்சிருந்தாரு. எனக்குத் தெரியும். அவர் பாத்துக்கிட்டேதான் இருந்தாரு."

சத்தம் கேட்டு மாடியிலிருந்து மானேஜர் வந்தார். கதையைக் கேட்டார். பேக்கரிக்காரரை ஆஸ்பத்திரியில் காட்ட வண்டிக்குச் சொன்னார். மாஸ்டரின் ஈரத் தோளில் தட்டி, "நீங்க இருக்கற வரைக்கும் நான் நிம்மதியா தூங்குவேன் மாஸ்டர்" என்றார். மாஸ்டர் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு, தலையை ஆட்டிச் சிரித்தார்.

அக்காவுக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

பம்பு அறைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு உண்டு. அங்கே அவரை உட்கார வைத்து டப்பாவைக் கொடுத்தாள். அவர் காதைத் துடைத்து, ஈரம் போகத் தலையைச் சாய்த்துத் தட்டி, மிஷினை மாட்டிக்கொண்டார்.

"நீ வேற அந்த நேரம் பாத்து மணியைக் காட்டிட்டு இருந்தே" என்றார். "நல்லவேளை நீ எழுந்து போனே. நான் திரும்பினேன். பாத்தா ஆளைக் காணோம்."

"நான் மணியைக் காட்டலைங்க."

"பின்னே?"

"அவரைக் காட்டினேன்."

மாஸ்டர் அவளைப் பார்த்தார்.

"நான் கத்தினது, கண்ணாடியை அடிச்சது எல்லாம் அவருக்காகத்தான். நான் பேசினா நீங்க என் மூஞ்சியைத்தான் பாக்கறீங்க, நான் காட்டற பக்கம் பாக்கலை. நான் கத்தக் கத்த நீங்க என்கிட்டதான் வந்தீங்க. நான் அங்க நின்ன வரைக்கும் நீங்க திரும்பவே இல்லை."

"சும்மா இரு. நான் உடனே பாத்துட்டேன்."

"உடனே இல்லைங்க."

"எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? ஒரு செகண்டு, ரெண்டு செகண்டு."

"அவர் கையை விட்டுப் போன பலகை அந்த ஏணியில போய் முட்டுச்சு. நான் கிளம்பினப்போ முட்டி நின்னுடுச்சு."

மாஸ்டர் எழுந்து நின்று குளத்தைப் பார்த்தார். பலகை இன்னும் அந்த ஏணிக்குப் பக்கத்தில்தான் மிதந்துகொண்டிருந்தது. கயிற்றைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார். காலடிக்கிற ஆள் இல்லாத பலகை எவ்வளவு மெதுவாகப் போகும் என்று அவருக்குத் தெரியாதா? அவர் உதடு எதையோ கூட்டிக்கொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது.

உட்கார்ந்தார். பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

"நீ ஒழுங்கா மெதுவா சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும்" என்றார்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. "ஆமாங்க. தப்புதான். ஒருத்தர் முழுகறதைப் பாத்துட்டே மெதுவா சொல்ல எனக்கு வரலை. இனிமேலும் வராது."

"அப்ப நான் என்ன பண்ணட்டும்? கரையில குச்சியை வெச்சுக்கிட்டு நிக்கட்டுமா? காலை அப்படி அடி, கையை இப்படி அடின்னு? ஒரு குழந்தை கரையில நிக்கறவனை நம்பித் தண்ணியில இறங்குமா? நீ இறங்குவியா?"

"நான் எப்பவும் இறங்க மாட்டேன்."

"அதான். உனக்கு எப்படித் தெரியும்."

அது வாய் தவறி வந்ததுதான். ஆனாலும் வந்துவிட்டது. அக்கா அதை விழுங்கிக்கொண்டாள்.

"மானேஜர்கிட்ட சொல்லிடலாங்க. இன்னொரு ஆளைப் போடச் சொல்லலாம். நீங்க உள்ள, அவர் கரையில."

"இன்னொரு ஆள் வந்தா நான் எதுக்கு?"

எந்த வழியில் போனாலும் அந்தக் கேள்வியில் போய்த்தான் நின்றது. மிஷினைப் போட்டுக்கொண்டு இறங்க முடியாது. போடாமல் இறங்கவும் கூடாது. அவர் இறங்காமல் இருக்கவும் முடியாது. யோசிக்க யோசிக்க அவளுக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே நிற்கிற மாதிரி இருந்தது.

மாஸ்டர் எழுந்தார். "குழந்தைங்க வர்ற நேரம் ஆச்சு. இன்னிக்கு கிளாஸை எடுத்துடறேன். அப்புறம் பேசலாம். நான் பாத்துக்கறேன், எல்லாப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கறேன். போதுமா?"

"வேண்டாங்க."

"நீ பாட்டுக்கு உன் அறையில உக்காரு. என்னைக் கூப்பிடாதே, கேலி பேசாதே. அவ்வளவுதான்."

அவள் அறைக்குத் திரும்பியபோது வாசல் பக்கக் கண்ணாடியில் குழந்தைகள் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். கையில் காற்றடைத்த வளையம், முதுகில் பை, கூட அம்மாக்கள். குளத்துப் பக்கக் கண்ணாடியில் மாஸ்டர் தலையில் துண்டோடு நின்றார். மூடின கையை ஓட்டைக்குள் நீட்டினார்.

அக்கா வாங்கவில்லை.

கை அப்படியே நீண்டிருந்தது. மூடின கைக்குள் மிஷின் கீ என்று கத்தியது. "அக்கா, எங்கேயோ கத்துது!" என்று ஒரு குழந்தை கண்ணாடியைத் தட்டிச் சொன்னது. அக்கா கையைப் பார்த்தாளே தவிர நீட்டவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து மாஸ்டர் கையைத் திறந்து, இரண்டையும் ஓட்டையின் விளிம்பில் வைத்துவிட்டுப் போனார். ஏணி வழியாக இறங்கினார். பலகையை எடுத்துக் கரையில் போட்டார். தண்ணீருக்கு நடுவில் போய் நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டார், குழந்தைகள் வருவதற்கு முன் எப்போதும் செய்கிற மாதிரி.

அக்கா வாசல் பக்கம் திரும்பினாள்.

"இன்னிக்கு கிளாஸ் இல்லைம்மா."

"என்னது? மாஸ்டர் உள்ள நிக்கறாரே, இங்கிருந்தே தெரியுது!" என்றாள் முன்னால் நின்ற ஒரு அம்மா.

"தண்ணி சரியில்லை."

"நல்லா பளபளன்னுதானே இருக்கு?"

"சரியில்லைன்னா சரியில்லைம்மா. சொன்னா கேளுங்க."

"என்ன அக்கா விளையாடறீங்களா, நான் இவளைக் கிளப்பிக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள எனக்கு உயிர் போச்சு. மானேஜர் எங்கே? கூப்பிடுங்க."

"நீங்களே கூப்பிடுங்க. மாடியில இருக்கார்."

அந்த அம்மா உண்மையிலேயே படியேறிப் போனாள். ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. மானேஜர் வருவார். வந்து தண்ணீரைப் பார்ப்பார், மாஸ்டரைப் பார்ப்பார், ஓட்டையில் கத்திக்கொண்டிருக்கும் இரண்டு மிஷினையும் பார்ப்பார். அவரிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. சொல்லி முடித்த பிறகு ராத்திரி வீட்டில் இந்த மனுஷனுக்கு எதிரே எப்படி உட்காருவது என்பதும் தெரியவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் தண்ணீரில் தனியாக நின்றார். திரும்பித் திரும்பி எல்லாப் பக்கமும் பார்த்தார். பார்த்துக்கொள்வதற்கு அங்கே யாரும் இல்லை. கடைசியில் அவளைப் பார்த்தார். கையை நீட்டிச் சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டினார். நேரம் ஆகிவிட்டதே, எங்கே குழந்தைகள்?

அக்கா கண்ணாடிக்கு நேராக வந்து நின்றாள். உதடு நடுங்கவில்லை. மெதுவாக, சாதாரணமாக, சத்தமே இல்லாமல் சொன்னாள்.

"யாரையும் உள்ளே விட மாட்டேன்."

இந்தத் தடவை அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு சொல் விடாமல் புரிந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. தண்ணீர் அவர் நெஞ்சைச் சுற்றி அசையாமல் நின்றது. அக்கா இன்னும் சொல்ல வாயெடுத்தாள். என் மேல தப்பு, நான்தான் உங்களைக் கூப்பிட்டேன், நான் அந்தக் கேலியைப் பேசியிருக்கக்கூடாது என்றெல்லாம் சொல்ல இருந்தது.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் கண்ணாடியில் கையை வைத்தாள். தட்டவில்லை. தட்டி என்ன ஆகப்போகிறது? மாடிப் படியில் மானேஜர் இறங்கி வருகிற சத்தம் கேட்டது. ஓட்டையின் விளிம்பில் மிஷின் இரண்டும் கீ என்று கத்திக்கொண்டே இருந்தன. அவள் பேட்டரிக் கதவு இரண்டையும் திறந்து டப்பாவில் போட்டு மூடினாள்.